ஜன்னலை மூடாதே!

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் முழுவதும் களிமண்ணோடும் சூளையோடும் மல்லாடிவிட்டு, கையில் ஒட்டிய மண் காயும் முன்பே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். களை எடுத்த வயலிலிருந்தும், முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகையிலிருந்தும் நேராக வந்திருக்கிற தாய்மார்களையும் பார்க்கிறோம். உங்களை நெடுநேரம் உட்கார வைக்கப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அது செல்போன்.

"கூலியைப் பற்றிப் பேசு, போனஸைப் பற்றிப் பேசு, செல்போனைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். கூலியைப் பற்றித்தான் பேசுகிறோம், தோழர்களே. நம் கூலியில் ஒரு பங்கை யார் எடுத்துக்கொள்ளுகிறார்கள், எப்படி எடுத்துக்கொள்ளுகிறார்கள் என்பதைத்தான் பேசுகிறோம்.

ஒரு தாயின் மூன்று நாள்

சில வாரங்களுக்கு முன்பு ஒரு தாய் எங்களிடம் வந்தார். முப்பது வருஷமாக முந்திரிக் கொட்டை உடைக்கிறவர். அந்தக் கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் கையை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் வெந்து, உரிந்து, மீண்டும் வெந்து, விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. ரேகை என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

ஒரு அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. மெஷினில் கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். மெஷின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். ஏற்கவில்லை. "சரி பாட்டி, போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்" என்றார்கள். போன் அவரிடம் இல்லை. பதிவு செய்த நம்பர் மகனுடையது. மகன் திருப்பூரில் இராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறான். பக்கத்திலிருந்த ஒருவர் போனில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அவன் எழுந்து திரும்பக் கூப்பிட்டபோது இங்கே நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் போனார், "சர்வர் இல்லை" என்றார்கள். மூன்றாம் நாள் போனார். நம்பர் வந்தது, மகன் சொல்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

எங்களிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "தம்பி, நான்தான் நான் என்று எதிரே நின்று சொல்லுகிறேன். அந்த ஐயாவுக்கு என்னை இருபது வருஷமாகத் தெரியும். அப்புறம் ஏன் திருப்பூரில் தூங்குகிற பிள்ளையைக் கேட்கிறார்கள்?"

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. பள்ளி இறுதி வகுப்புவரை படித்த நாங்களே, மனு எழுதித் தேய்ந்த கையோடு, அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் எழுத்துக்கூட்டி விழிக்கிறோம். அந்தத் தாயின் மூன்று நாள் கூலி போயிற்று. அதை யார் கொடுப்பது?

"கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே" என்பார்கள். சட்டம் வரம் கொடுத்துவிட்டது. இன்று பூசாரியின் இடத்தில் செல்போன் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பூசாரியை "ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்கலாம். செல்போனை யாரும் கேட்க முடியாது.

பதின்மூன்று மாத வருஷம்

இனிக் கணக்குக்கு வருவோம்.

ஒரு காலத்தில் சர்க்காரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்தார். கட்டிடம் சர்க்காருடையது, மேஜை சர்க்காருடையது, குமாஸ்தாவின் சம்பளமும் சர்க்கார் கொடுத்தது. நாம் நடந்துபோய் நின்றால் போதும். நிற்க வைத்தார்கள், அலைய வைத்தார்கள், லஞ்சமும் கேட்டார்கள். அதை எதிர்த்து நாமே மறியல் செய்தோம். ஆனால் ஜன்னலின் செலவு நம் தலையில் இல்லை.

இன்று என்ன நடக்கிறது? ஜன்னலுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து ஒரு டச் போனை நாமே வாங்க வேண்டும். பட்டன் போன் உதவாது. அதற்கு மாதா மாதம் தீனி போட வேண்டும். மாதா மாதம் என்றா சொன்னோம்? கம்பெனிக்காரன் கணக்கில் மாதத்துக்கு 28 நாள். வருஷத்துக்கு 12 மாதம் என்று பஞ்சாங்கம் சொல்லுகிறது. 28 நாளாக எண்ணினால் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அடுத்தடுத்த நாட்களில், கட்டணத்தை உயர்த்தின. ஒரு தடவைக்கு ரூ.200 என்று வைத்துக்கொள்வோம். 13 தடவைக்கு ரூ.2,600.

நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி ரூ.336. அந்தக் கூலி முழுசாகக் கிடைத்தாலும், ஒரு போனுக்கு உயிர் கொடுக்க ஒரு விவசாயத் தொழிலாளி ஏறத்தாழ எட்டு நாள் மண் வெட்ட வேண்டும். போனின் விலை இதில் சேரவில்லை. விழுந்து திரை உடைந்தால் அந்தச் செலவும் சேரவில்லை.

போன் இல்லாதவர் என்ன செய்கிறார்? கடைக்குப் போகிறார். அங்கே ஒரு மனுவுக்கு இவ்வளவு, ஒரு நகலுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிறார். தன் ஆதார் நம்பரையும் பாங்கு நம்பரையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார்.

ஆக, சர்க்கார் மிச்சம் பிடிக்கிற குமாஸ்தா சம்பளம் நம் மடியிலிருந்து போகிறது. சேவையை மலிவாக்கிவிட்டதாக அவர்கள் சொல்லுகிறார்கள். செலவு குறையவில்லை, தோழர்களே! செலவு கை மாறியிருக்கிறது. சர்க்கார் கஜானாவிலிருந்து இறங்கி, கூலிக்காரன் தலையில் ஏறியிருக்கிறது.

"எல்லார் வீட்டிலும்தான் போன் இருக்கிறதே" என்று ஒரு வாதம் சொல்லுகிறார்கள். 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் மத்திய சர்க்கார் எடுத்த கணக்கில், நாட்டில் 100க்கு 85 வீட்டில் ஒரு ஸ்மார்ட் போனாவது இருக்கிறது என்று வந்தது. இருக்கட்டும். மீதி 15 வீடு யாருடையது? அது மில் முதலாளியின் வீடல்ல. சேரியிலும் காலனியிலும் இருக்கிற வீடு. தனியாகக் கஞ்சி காய்ச்சுகிற கிழவியின் வீடு. யாருக்கு முதியோர் பென்ஷனும் ரேஷன் அரிசியும் உயிரோ, அவர்கள் வீடு. போன் இருக்கிற வீட்டிலும் அது யார் சட்டைப் பையில் இருக்கிறது? 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தன் கையில் வைத்துப் பயன்படுத்த ஒரு சாதாரணப் போனாவது உள்ள பெண்கள் இந்தியாவில் 100க்கு 54 பேர்தான் என்று தெரிந்தது. வீட்டில் போன் இருப்பது வேறு; அம்மாவின் கையில் போன் இருப்பது வேறு.

ஏரிக் கரையில் ஒரு படம்

நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி முதன்முதலாக 200 ஜில்லாக்களில் அமலாயிற்று. அந்த முதல் பட்டியலிலேயே நம் கடலூர் ஜில்லாவும் இருந்தது. அன்று மஸ்டர் ரோல் என்பது காகிதம். பெயரைக் கூப்பிட்டார்கள், கையெழுத்தோ கைநாட்டோ போட்டோம். நம் பெயர் இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்க்க முடிந்தது.

2021 மே மாதத்தில் செல்போன் மூலம் வருகைப் பதிவு என்று ஒரு ஏற்பாடு கொண்டு வந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் அநேகமாக எல்லா வேலைத் தளத்துக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம். இரண்டும் ஏறினால்தான் வேலை செய்த கணக்கு. ஏரிக்குள்ளே டவர் கிடைக்கவில்லை என்றால், பணித்தளப் பொறுப்பாளரின் போன் சூடாகி நின்றுவிட்டால், தோண்டிய குழி கண்ணெதிரே இருந்தாலும் கூலி கேள்விக்குறியாகிவிடும். சீக்கிரமாக அளவு வேலையை முடித்துவிட்ட பெண், பால் குடிக்கிற பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக்கிடக்க வேண்டும்.

"திருட்டைத் தடுக்கத்தானே?" என்று கேட்டார்கள். காகித மஸ்டர் ரோலில் திருட்டு நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நடந்தது. வராதவன் பெயரில் கூலி எழுதினார்கள். ஆனால் போன் அதைத் தடுத்ததா? 2025 ஜூலை 8ஆம் தேதி மத்திய கிராம அபிவிருத்தி இலாகாவே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள். படத்தில் உள்ள ஆட்களும் கணக்கில் உள்ள ஆட்களும் ஒத்துப்போகவில்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது. அதற்கு என்ன பரிகாரம் சொன்னது? ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் ஆட்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றது! ஆளை நம்ப முடியாது என்று போனைக் கொண்டுவந்தார்கள். போனை நம்ப முடியாது என்று மறுபடியும் ஆளைக் கூப்பிட்டார்கள். திருடத் தெரிந்தவன் போனிலும் திருடினான். நேர்மையாக மண் வெட்டியவள் டவர் இல்லாமல் கூலி இழந்தாள்.

திருட்டைப் பிடிக்க வழி இருக்கிறது. 1994 டிசம்பர் 2ஆம் தேதி ராஜஸ்தானில் பாலி ஜில்லாவைச் சேர்ந்த கோட் கிரானா என்ற கிராமத்தில் கூலிக்காரர்கள் கூடினார்கள். மஸ்டர் ரோலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். "இந்தப் பெயருக்குரியவர் வேலைக்கு வந்தாரா?" என்று ஊரையே சாட்சி கேட்டார்கள். மோசடி பட்டப்பகலில் வெளிவந்தது. இப்படிப்பட்ட கூட்டங்களிலிருந்து எழுந்த இயக்கம்தான் பின்னால், 2005இல், தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரக் காரணமாயிற்று. பெயரை உரக்கப் படிக்கச் சொன்ன ஏழைகளின் வாய் செய்த காரியம் அது.

2025 டிசம்பரில் பார்லிமெண்ட் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாள் ஆகும் என்று சொன்னார்கள். ஆனால் ரேகைப் பதிவும் செல்போன் கண்காணிப்பும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இடம் பிடித்துவிட்டன. ஆகவே சட்டத்தின் பெயர் மாறினாலும் நம் கேள்வி மாறவில்லை.

ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதிதான்

"இது கிராமத்துக் கதை, நமக்கென்ன?" என்று பீங்கான் தொழிலாளித் தோழர்கள் நினைத்துவிட வேண்டாம். பி.எஃப். கணக்குக்கு நம்பர் வாங்க வேண்டுமென்றால், 2025 ஆகஸ்டு 1 முதல், புதிய தொழிலாளி ஸ்மார்ட் போனில் உமங் என்ற ஆப்பை ஏற்றி, அதில் தன் முகத்தைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். முன்பு முதலாளியின் ஆபீசே அந்த நம்பரை வாங்கிக் கொடுத்து வந்தது. இப்போது போன் இல்லாத வாலிபன் கேட்டால், "உன் முகம் ஏறவில்லை, நான் என்ன செய்ய?" என்று கை விரிக்க முதலாளிக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. பி.எஃப். கட்டாமல் ஏய்க்க ஆயிரம் சாக்குத் தேடுகிறவனுக்கு ஆயிரத்தொன்றாவது சாக்கை நாமே எடுத்துக் கொடுக்கலாமா?

கட்டை விரலின் கதை

நம் தாத்தாக்களிடம் மிராசுதாரர் வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வைத்த அந்தக் கட்டை விரல் பரம்பரைக் கடனாக மாறியது. அன்று நம் விரலை நம்பிக் கடன் எழுதிக்கொண்டார்கள். இன்று அரிசி கொடுக்க வேண்டிய நேரத்தில் அதே விரலைப் பார்த்து "இது உன் விரல் இல்லை" என்கிறார்கள். களிமண்ணிலும் பிளாஸ்டர் அச்சிலும் தேய்ந்த விரல், முந்திரி எண்ணெயில் வெந்த விரல், சுண்ணாம்பில் பிளந்த விரல். உழைத்ததற்குச் சாட்சியான அந்தத் தேய்மானத்தையே குற்றமாக்குகிறார்கள்.

இது விளையாட்டான விஷயமல்ல, தோழர்களே. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டில் சிம்டேகா ஜில்லாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே பிள்ளை இறந்தாள் என்று தாய் கதறினாள். பசியால் சாகவில்லை, நோயால் செத்தாள் என்று அதிகாரிகள் வாதாடினார்கள். நாடே கொந்தளித்தது. அடுத்த மாதம், அக்டோபர் 24ஆம் தேதி, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவு இலாகா உத்தரவு அனுப்பியது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு வந்த உத்தரவு அது.

2018 செப்டம்பர் 26ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சர்க்கார் உதவிக்கு ஆதார் கேட்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக உரியவருக்கு உதவியை மறுக்கக் கூடாது, வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். 2025 ஏப்ரல் 30ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது. திராவக வீச்சில் முகம் சிதைந்த பெண்களிடம், உயிரோடு இருப்பதைக் காட்டக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது கருவி. அவர்களால் சிமிட்ட முடியவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். கண் சிமிட்ட முடியாதவருக்கு மாற்று வழி வைக்க வேண்டும்; இந்தச் சேவைகளை எட்டும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆவது ஷரத்து தருகிற உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று கோர்ட் சொன்னது.

சட்டம் நம் பக்கம் பேசியிருக்கிறது. ஆனால் தீர்ப்பு தானாக நடந்து ரேஷன் கடைக்கு வராது. நாம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

நாம் இயந்திரத்துக்கு எதிரிகளா?

"கம்யூனிஸ்டுகள் முன்னேற்றத்துக்கு எதிரிகள், போனை உடைக்கச் சொல்லுகிறார்கள்" என்று பிரசாரம் செய்வார்கள். நாம் இயந்திரத்தோடு வாழ்கிற ஜனங்கள். சூளையும் நாம்தான், மின்சாரக் கம்பத்துப் பீங்கானும் நாம்தான். போன் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திருப்பூரிலிருந்து மகன் முகம் பார்த்துப் பேசுகிறான் என்றால் தாய்க்கு மகிழ்ச்சிதான். போனில் மனுப் போடத் தெரிந்தவர் போடட்டும். க்யூ குறையட்டும். நாம் கேட்பது ஒன்றுதான். போன் ஒரு வாசலாக இருக்கட்டும். ஒரே வாசலாக இருக்கக் கூடாது.

முடியாத காரியமா இது? 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது என்ன செய்தார்கள்? மின்சார அலுவலகங்களில் முகாம் போட்டார்கள். ஜனங்கள் கார்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆட்கள் உட்கார்ந்து பதிந்து கொடுத்தார்கள். 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்குக் காகித விண்ணப்பம் வீட்டுக்கே வந்தது. ஊருக்கு ஊர் முகாம் நடந்தது. 2025 ஆகஸ்டு 12ஆம் தேதி தமிழ்நாடு சர்க்கார், 70 வயதானவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கியது. மனம் இருந்தால் சர்க்கார் நம் வாசலுக்கு வர முடியும் என்பதற்கு இவை சாட்சி.

வெளிநாட்டிலும் பாருங்கள். ஸ்பெயின் தேசத்தில் கார்லோஸ் சான் ஹுவான் என்ற 78 வயது ஓய்வுபெற்ற டாக்டர், பாங்குகள் கவுன்டரை மூடி எல்லாவற்றையும் போனுக்குத் தள்ளியதை எதிர்த்து 2022இல் கையெழுத்து இயக்கம் நடத்தினார். "நான் கிழவன்தான், முட்டாள் அல்ல" என்பதே கோஷம். ஆறு லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. பாங்குகள் பணிந்து, கவுன்டர் நேரத்தை நீட்டிக்க ஒப்புக்கொண்டன. இங்கிலாந்தில் 2023இல் ரயில் டிக்கெட் கவுன்டர்களைக் கூட்டத்தோடு மூடத் திட்டமிட்டார்கள். ரயில்வே தொழிலாளர் சங்கமும் மாற்றுத் திறனாளிகளும் பிரயாணிகளும் சேர்ந்து நின்றார்கள். ஏழரை லட்சம் பேர் கருத்து எழுதி அனுப்பினார்கள். அக்டோபர் 31ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த தொழிலாளியும் வெளியே நின்ற ஜனங்களும் கை கோத்ததுதான் அந்த வெற்றியின் ரகசியம்.

இதை நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும். ரேஷன் கடை ஊழியரும், பணித்தளப் பொறுப்பாளரும், அங்கன்வாடி ஊழியரும் நம் எதிரிகள் அல்ல. டவர் இல்லாவிட்டால் மேலேயிருந்து திட்டு வாங்குகிறவர்கள் அவர்கள். கீழேயிருந்து நம் ஏச்சையும் வாங்குகிறவர்கள். நம் கோபம் அவர்கள் மேல் பாய்ந்தால், ஜன்னலை மூட உத்தரவு போட்டவன் தப்பித்துக்கொள்வான்.

நாளைக் காலையிலிருந்து

ஆகவே நாம் கோருவது இவை: போன் இல்லாதவருக்கு எல்லா அலுவலகத்திலும் ஒரு ஜன்னலும் ஒரு காகித மனுவும் இருக்க வேண்டும். ரேகை விழாவிட்டால் கார்டைப் பார்த்து, நோட்டில் பதிந்து பொருள் கொடுக்க வேண்டும். படம் ஏறவில்லை என்று ஒரு பைசா கூலி கூட வெட்டக் கூடாது. மஸ்டர் ரோல் காகிதத்திலும் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை வேலைத் தளத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். பி.எஃப். நம்பர் வாங்கித் தரும் பொறுப்பு முதலாளியின் தலையிலேயே இருக்க வேண்டும்.

கோரிக்கை மட்டும் போதாது. வேலையும் உண்டு. "இல்லை, போ" என்று எங்கே சொன்னாலும், "ஏன் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். வாயால் மறுக்கத் துணிகிறவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது, எத்தனை நாள் கூலி போயிற்று என்று எழுதுங்கள். படித்த வாலிபர்களே, வாரத்தில் ஒரு மாலை உங்கள் போனை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போங்கள். கிழவர்களின் மனுவைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுங்கள். அந்த நோட்டுகளை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நாம் ஒன்றாகப் போவோம்.

அந்த முந்திரித் தொழிலாளித் தாயோடு நான்காம் நாள் நாங்களும் போனோம். "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மெஷின் அதே மெஷின்தான்; விரலும் அதே விரல்தான். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆட்களின் எண்ணிக்கை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்பதாகியிருந்தது.

தோழர்களே! அந்த ஒன்பதைத் தொண்ணூறாக்குவதும் தொள்ளாயிரமாக்குவதும் உங்கள் கையில் இருக்கிறது.